விரல் தயங்கும் இடம்

சென்ற மாதம் நான் முன்பு வேலை செய்த கந்தோரிலிருந்து இரண்டு பிள்ளைகள் உக்குவளையில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். வட்டிலப்பம் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். இனிமேல் சோதனைக்கு ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பது குறையுமாம். யார் எங்கே அழுத்துகிறார்கள், எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு மென்பொருளே பார்த்து எழுதிவிடுமாம்.

"அப்ப நீங்க எல்லாம் என்னத்தச் செய்யப் போறீங்க? தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டேன்.

"ஏசாதீங்க மிஸ்," என்றாள் அவர்களில் மூத்தவள். "கௌரி மிஸ் எப்பிடி ஆள ஒக்கார வச்சுப் பாப்பாங்கன்னு நீங்கதான் எழுதித் தரணும். அவங்ககிட்ட கேட்டா, பரீனாக்காகிட்ட போங்கங்கிறாங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பார். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் கௌரி மிஸ்ஸுக்குக் காது கேட்காது. அதனால் பரீனாவாகிய நான் எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். எழுத்தும் அப்படியே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியையோ இணையப் பக்கத்தையோ வெளியே விடுவதற்கு முன் அதைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்து, அவர்களால் அதைக் கையாள முடிகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பாவனையாளர் சோதனை என்று அதற்குப் பெயர். எங்களிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை. உங்கள் படத்தை யார் பார்க்கலாம், நீங்கள் இருக்கும் இடம் யாருக்குத் தெரியலாம், உங்கள் விவரத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்கும் பக்கங்கள். போனில் எங்கேயோ அடியில் கிடக்கும் அந்தப் பக்கங்களை நீங்களும் ஒருமுறை திறந்து, தலை சுற்றி, அப்படியே மூடியிருப்பீர்கள். உங்கள் தலையில் பிழையில்லை. அதைக் கட்டியவர்கள் உங்களைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுற்றுவழியில். உக்குவளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் என் இளம்வயது போனது. வெளிநாட்டுக்கு அழைப்பு எடுத்துக் கொடுப்பது, போட்டோ கொப்பி அடிப்பது, சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் சொல்வது என்று எல்லாம் செய்தேன். பேசுவதற்கு ஒரு பலகைக் கூண்டு இருந்தது. அதற்குக் கதவும் இருந்தது. சவூதிக்குக் கேட்க வேண்டுமே என்று எல்லோரும் கத்திப் பேசியதால் அந்தக் கதவால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை. எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று எனக்கு அத்துப்படி. வெளியே ஒரு சொல் விட்டதில்லை. கைப்போன் வந்த பிறகு கூண்டைப் பிரித்து விறகாக்கினார்கள். கடை போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் கடையாகி, பிறகு மூடியே போனது. மூன்று மொழியும் தெரிந்த, யாரோடும் கூச்சமில்லாமல் பேசுகிற பெண் ஒருத்தி தேவை என்று கேள்விப்பட்டு மாத்தளைக்குப் போனேன்.

மிளகும் கறுவாவும் வாங்கி விற்கும் மொத்தக் கடை ஒன்றின் மேல்மாடியில் கந்தோர் இருந்தது. கௌரி மிஸ்தான் பொறுப்பு. என்னைவிட வயது குறைந்தவர். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, வேலை செய்ய மட்டும் மாத்தளைக்குத் திரும்பி வந்தவர். மெல்லிய உடம்பு, அதைவிட மெல்லிய குரல். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் "பொறுங்க" என்றால் அந்த அறையில் எல்லாம் நின்றுவிடும்.

முதல் சோதனையிலேயே என் வாய் முந்திக்கொண்டது. சோதனைக்கு வந்திருந்த ஓர் அம்மா பொத்தானைத் தேடித் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "அந்தா மேல ஈக்கிதே, அத அமத்துங்க" என்றேன். அவர் அமத்தினார். சோதனை அத்தோடு முடிந்தது. கௌரி மிஸ் கீழே கடைக்கு இறங்கிப் போய் ஒரு பிடி கராம்போடு வந்தார்.

"பரீனாக்கா, ஒண்ண வாயில போட்டுக்கங்க. கடிக்கக் கூடாது. ஆள் ஸ்கிரீன பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது வாயில இருக்கட்டும்."

"என்ட அல்லா, வேலைக்கு வந்த எடத்துல வாய்க்குப் பூட்டா?"

"எனக்கும் அதே பூட்டுதான்," என்று சொல்லித் தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். "பாவமா இருக்கும்ல? எனக்கும் ஒதவி செய்ய வாய் துடிக்கும். நம்ம ஒதவி செஞ்சிட்டா, அந்தப் பக்கம் நல்ல பக்கம்னு கொழும்புல இருக்கிற கொம்பனிக்காரங்க நெனச்சிருவாங்க. நாளைக்கு இவங்க வீட்டுல தனியா ஒக்காந்து தேடறப்ப நம்ம பக்கத்துல இருக்க மாட்டோம்."

அன்றிலிருந்து அது எங்கள் கந்தோர் வழக்கமானது. கொழும்பிலிருந்து எந்த முகாமையாளர் வந்தாலும் கதவருகே ஒரு சிறு தட்டில் கராம்பு இருக்கும். டை கட்டிய பெரிய மனிதர்கள் எல்லாம் கன்னத்தில் கராம்பை ஒதுக்கிக்கொண்டு கண்ணீர் முட்ட உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அவருடைய முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் கேட்டது அதைத்தான். வருகிறவரை வாசலுக்குப் போய் அழைத்து வருவார். முதலில் தேத்தண்ணி. கெமராவைக் காட்டி, அது கையையும் போனையும் மட்டுமே பிடிக்கும், முகம் வராது என்பதை அவரே கண்ணால் பார்க்கும்படி திருப்பிக் காட்டுவார். போன் அவரவருடையதாக இருக்க வேண்டும். கந்தோர்ப் போனைக் கொடுத்தால் ஆட்கள் துணிந்து எதையும் அமத்துவார்கள். சொந்தப் போனில்தான் உண்மையான பயம் தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகு ஒரு வசனம், எல்லோருக்கும் ஒரே வசனம்: "இது ஒங்களுக்குப் பரீட்ச இல்ல. இந்த ஸ்கிரீனுக்குத்தான் பரீட்ச. ஒங்களுக்கு வெளங்கலன்னா அது பெயில்." இதைக் கேட்டதும் வந்தவரின் தோள் இறங்கும். நான் ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் நான் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டே. "இப்ப என்ன நெனைக்கிறீங்க?" "இப்ப என்ன செஞ்சீங்க?" வேறு எதுவும் கூடாது. கௌரி மிஸ் பின்னால் இருந்து விரலை மட்டும் பார்ப்பார். விரல் திரைக்கு மேலே நின்று தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்வார். வாசிப்பதற்காக நிற்கும் விரல் வேறு, பயந்து நிற்கும் விரல் வேறு என்பார். பயந்தவரின் பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடவே நெடுங்காலம் எடுத்தது. அவருக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

சீகிரியாவிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வந்தார். எங்கள் ஆட்களில் நான் மறக்காத ஒருவர் அவர். பக்கம் திறந்ததும் கண்ணிமைக்குமுன் 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பதை அமத்திவிட்டார். "இப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"பச்சைய அமத்துனேன் மிஸ். பச்சன்னா போகலாம்தானே?"

'வேண்டாம்' என்ற பொத்தான் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாகக் கிடந்தது. அது அவர் கண்ணில் படவே இல்லை. கௌரி மிஸ் கொம்பனிக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த மனிதரின் பதிலை அப்படியே எழுதி, கீழே ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: இரண்டு பொத்தானும் ஒரே நிறம், ஒரே அளவு. மாற்றினார்கள். மாற்றியதும் கௌரி மிஸ் அந்த ஆட்டோக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, "இது ஒங்களால மாறினது" என்று காட்டினார். இது அவருடைய இன்னொரு வழக்கம். வந்து கஷ்டப்பட்டுப் போன ஆளுக்கு, அந்தக் கஷ்டத்தால் என்ன நடந்தது என்று காட்டாமல் விடமாட்டார். அந்த மனிதர் இன்டர்நெட்டைத் திருத்தியது தான்தான் என்று சீகிரியா முழுக்கச் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. சொல்லட்டும், உண்மைதானே.

இனி மகேஸ்வரி. அது அவள் பெயரல்ல. இதை எழுதலாமா என்று அவளிடமே போய்க் கேட்டேன். "எழுதுங்க மிஸ், ஆனா பேர நான்தான் வைப்பேன்" என்று சொல்லி, கொஞ்சம் யோசித்து இந்தப் பெயரைத் தந்தாள். எதைச் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். அவற்றை விட்டுவிட்டேன்.

அவள் கதை எங்களுக்குத் தெரிந்தது சோதனை முடிந்த பிறகுதான். வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எல்கடுவத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்தில் வாழ்ந்தவள். அடிக்கிற புருஷன். அவனுக்கு ஆட்டோ ஓட்டம். ஒருநாள் தாங்க முடியாமல் உடுத்த உடுப்போடு இறங்கி வந்து உக்குவளையில் ஒரு அறை எடுத்து, மாத்தளையில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் வர முடியாத ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையில்லை. ஆனால் அவன் வந்தான். அறைக்கு எதிரே ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அறையை மாற்றினாள். அங்கேயும் வந்தான். இரண்டு அறையும் எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அக்கா. அக்கா இன்னும் எல்கடுவத் தோட்டத்தில்தான் இருந்தாள், அவன் இருக்கும் லயத்துக்குக் கிட்ட. வேறு யார் சொல்லியிருக்க முடியும்? மகேஸ்வரி அக்காவோடு பேச்சை அறுத்தாள். அக்கா மகளின் சடங்குக்குக்கூடப் போகவில்லை. யாருக்கும் சொல்லாமல் மூன்றாவதாக ஓர் அறைக்கு மாறியிருந்தாள். இந்த முறை அக்காவுக்குத் தெரியாது, அதனால் தப்பிவிட்டோம் என்று நம்பியிருந்த வாரத்தில்தான் எங்களிடம் வந்தாள்.

ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் கணக்குப் பக்கம் அப்போது தமிழில் வர இருந்தது. அதற்காகக் கொழும்பிலிருந்து ரமணன் சேர் என்ற முகாமையாளர் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் கராம்போடு. மகேஸ்வரி கெமராவைத்தான் நிறைய நேரம் பார்த்தாள். முகம் வராது என்று உறுதியான பிறகே கதிரையில் சாய்ந்தாள். அவளுக்கு நாங்கள் கொடுத்த வேலை இதுதான்: நீங்கள் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாதபடி மாற்றுங்கள்.

அவ்வளவு வேகமாக அதைச் செய்த ஆளை நாங்கள் கண்டதில்லை. விரல் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. உள்ளே போனாள், 'இருப்பிடப் பகிர்வு' என்பதை நிறுத்தினாள், வெளியே வந்தாள். ரமணன் சேரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கண்ணுக்கு அது முழுப் புள்ளி.

கௌரி மிஸ் மட்டும் முன்னால் சாய்ந்தார். கடைசிக் கேள்வியை எப்போதும் அவர்தான் கேட்பார். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணு கேக்கலாமுங்களா மிஸ்? இத நான் எத்தனையோ தரம் நிப்பாட்டியாச்சு. நிப்பாட்டுனா ரெண்டொரு நாள்ல அதுவா திரும்ப ஓடுது. போன் பழுதுங்களா?"

கௌரி மிஸ் வாயிலிருந்த கராம்பை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். சோதனை முடியும் முன் அவர் அதை எடுத்து நான் பார்த்ததில்லை. கெமராவை நிறுத்தினார். "சேர், கீழ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க," என்றார் அந்த மெல்லிய குரலில். ரமணன் சேர் என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து போனார்.

பிறகு மகேஸ்வரிக்குப் பக்கத்தில், அவளைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். "இந்தப் போன் யாரு வாங்கிக் குடுத்தா?"

"அவருதாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் வாங்குனாரு. எங்களுக்கு ஈமெயில் எல்லாம் தெரியாதுங்களே. கடையில இருந்த அண்ணன்தான் அக்கவுண்ட் போட்டுக் குடுத்தாரு. புருஷன் பொண்டாட்டிதானே, ரெண்டு போனுக்கும் ஒண்ணு போதும்னாரு."

எங்கள் பக்கத்தில் இது புதுமையில்லை. ஈமெயில் இல்லாத சனம் கடைக்காரரையே நம்பி எல்லாவற்றையும் திறக்கும். வீட்டுக்கு ஒரு கணக்கு என்பது அவர்களுக்கு இயல்பான விஷயம். ஒரு அடுப்பு, ஒரு பைப், ஒரு கணக்கு. கடைக்காரரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

"இன்னும் கீழ போங்க," என்றார் கௌரி மிஸ். "அதுல இல்ல. வெளிய வந்து, 'பாதுகாப்பு'ன்னு வேற ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள. இன்னும் கீழ." எங்கேயோ அடியாழத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்று ஒரு வரி இருந்தது. மகேஸ்வரி அதைத் திறந்தாள். இரண்டு போன்கள். ஒன்று அவள் கையில் இருப்பது. மற்றது எல்கடுவவில், சற்றுமுன் பாவிக்கப்பட்டது என்று காட்டியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் எத்தனை தரம் நிறுத்தினாலும் அந்தப் பக்கம் கேட்ட கேள்வி, மற்றவர்கள் பார்க்கலாமா என்பதுதான். அந்தப் பக்கத்தின் கண்ணில் அவன் மற்றவனே இல்லை. இரண்டு போனையும் அது ஒரே ஆளாக எண்ணிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தினதை அவன் அங்கிருந்து திரும்ப ஓடவிட்டான். தொலைந்த போனைத் தேடுகிற வசதியில் அவள் எந்தத் தெருவில் நடக்கிறாள் என்பதுவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

புது அறையும் அவனுக்குத் தெரிந்திருக்குமே என்றுதான் மகேஸ்வரி கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப, எங்கக்கா சொல்லலீங்களா மிஸ்?"

"இல்லம்மா," என்றார் கௌரி மிஸ். "அவங்க சொல்லியிருக்க வேண்டிய தேவையே இல்ல."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, நானும் அழுதேன்.

திரையில் அவன் போனுக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. என் கை தானாக நீண்டது. கௌரி மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறுங்க பரீனாக்கா. இத அமத்துனா அங்க அவரு போன்ல ஒடனே காட்டும்." பிறகு மகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "இப்ப நீக்கிட்டா ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சின்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சா மொதல்ல எங்க போவாரு?"

மகேஸ்வரி கையை எடுத்தாள். "அக்கா வீட்டுக்குத்தான் போவாரு."

"அப்ப எத மொதல்ல செய்யணும், எதப் பின்னால செய்யணும்னு நீங்கதான் சொல்லணும். நாங்க கூட இருக்கோம்."

நான் எத்தனையோ பெரிய மனிதர்களிடம் வேலை செய்திருக்கிறேன். அவர்களில் எவராக இருந்தாலும் அந்த நேரத்தில், தள்ளுங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனைப் பறித்திருப்பார்கள். நானே அதைத்தான் செய்யப் போனேன். கௌரி மிஸ் அந்தப் போனை ஒருமுறைகூடத் தொடவில்லை. வாழ்நாளில் நான் யாரிடமாவது பாடம் படித்தேன் என்றால் அது அந்த மேசையில்தான்.

மகேஸ்வரி வரிசையைச் சொன்னாள். முதலில் அக்கா. அந்தப் போனில் எடுத்தால் அழைப்பு விவரம் அங்கேயும் தெரியக்கூடும் என்று கந்தோர்த் தொலைபேசியைக் கொடுத்தோம். எழுந்து வெளியே போகப் பார்த்தோம். "இருங்க மிஸ்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது பழைய தொலைபேசி, மறுபக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"அக்கா, நான்தான்."

"எந்த நம்பர்டி இது?"

"அத விடு. அவரு ஒன் வீட்டுக்கு வந்தாலும் வருவாரு. கதவச் சாத்திக்க. அத்தான வீட்ல இருக்கச் சொல்லு."

"நீ எங்கடி இருக்க?"

மகேஸ்வரி உதட்டைக் கடித்தாள். "அத மட்டும் கேக்காதக்கா. நீ சொல்லிருவன்னு இல்ல. நீ சொல்லலன்னு இப்பத்தான் தெரியும். ஆனா கேக்காத."

"சரி. கேக்கல." பிறகு அந்தக் குரல், "சாப்டியா?" என்றது.

அடுத்தது பொலிஸ். நிலையத்தின் பெண்கள் பிரிவுக்கு மூவருமாகப் போனோம். கௌரி மிஸ் சிங்களத்தில் விளக்கினார். எந்தெந்த விஷயத்தைச் சொல்லலாம் என்று ஒவ்வொன்றுக்கும் மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். முறைப்பாட்டோடு போனையும் ஒப்படைத்தாள், அணைக்காமலே. அதை அணைக்க வேண்டாம் என்று சொன்னது மகேஸ்வரிதான். அங்கே பொறுப்பிலிருந்த சார்ஜன் அம்மா அதை மேசையில் சார்ஜில் போட்டு வைத்தார். மறுநாள் காலை அவன் திரையில் தெரிந்த புள்ளியைத் தொடர்ந்து ஆட்டோவில் வந்திருக்கிறான். பார்வையெல்லாம் போனிலேயே இருந்ததால் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனிக்கவில்லை போலும். சார்ஜன் அம்மா ஜன்னலால் பார்த்து, "வாங்க வாங்க, ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்" என்று உள்ளே கூப்பிட்டாராம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பை அடக்க முடியாது. பிறகு நீதிமன்றம், அவன் கிட்ட நெருங்கக் கூடாது என்று கட்டளை. அதற்குள் என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின், வீட்டு மேல்மாடியில், மாத்தளை நகரத்துக்குள்ளேயே, மகேஸ்வரிக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தேன்.

புதுப் போனில் புதுக் கணக்கை அவளே திறந்தாள். பாஸ்வேர்ட் போடும் இடம் வந்ததும் கௌரி மிஸ் கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். என்னையும் திரும்பச் சொன்னார். "நாங்களும் பாக்கக் கூடாது," என்றார். இரண்டு பெரிய பெண்கள் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பின்னால் மகேஸ்வரி சிரித்தது கேட்டது. அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

இனி கொம்பனியோடு நடந்த இழுபறி. கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்ற வரியை அந்தப் பக்கத்தின் முதல் வரியாக்க வேண்டும் என்று கௌரி மிஸ் எழுதினார். அது பாதுகாப்புப் பிரிவில் ஏற்கனவே இருக்கிறது என்று பதில் வந்தது. அன்றைய கெமராப் பதிவைக் கேட்டார்கள். கௌரி மிஸ் அதை அன்றே அழித்திருந்தார். ரமணன் சேர் நல்ல மனிதர். உதவி செய்யத்தான் நினைத்தார்.

"ஒரு ஆளின்ட கதை இருந்தால் மேல உடனே ஒத்துக்கொள்ளுவினம், கௌரி. பேர் போட வேண்டாம். நடந்ததை மட்டும் ரெண்டு பக்கத்தில எழுதித் தாங்கோ."

"அது என்னோட கத இல்ல சேர். அவங்க இப்பதான் ஒளிஞ்சிருக்க ஒரு எடம் கண்டுபிடிச்சிருக்காங்க. அத நான் ஒரு பக்கத்த மாத்தறதுக்காகக் கொழும்புக்கு அனுப்ப மாட்டேன்."

"அப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"வேற ஆளுங்களக் கூப்புடுவேன்."

கூப்பிட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு வேலையைக் கூடுதலாகக் கொடுத்தோம்: இந்தக் கணக்கு வேறு எந்தப் போனில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தவர் அநேகமாக இல்லை. கண்டுபிடித்துத் திறந்து காட்டினால் அதற்குள் கடைக்காரரின் போன், மச்சானின் போன், விற்றுவிட்ட பழைய போன் என்று என்னென்னவோ கிடந்தன. அவர்களின் முகமோ பேரோ இல்லாமல், விரல்கள் தேடித் தேடித் தயங்கி நின்றதை மட்டும் ஒன்றாகச் சேர்த்து, சத்தமில்லாத ஒரு காட்சியாக அனுப்பினார். ஒரு நாளில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு மாதக்கணக்கில் எடுத்தது. நான்தான் பொறுமையில்லாமல் கௌரி மிஸ்ஸோடு சண்டைகூடப் பிடித்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. கடைசியில் மாற்றினார்கள்.

மாற்றிய பக்கத்தைப் பார்க்க, அவருடைய வழக்கப்படி, மகேஸ்வரியைக் கூப்பிட்டார். அதுவரை அவள் புது எண்ணிலிருந்து அக்காவோடு அடிக்கடி பேசிக்கொண்டுதான் இருந்தாள். நீ எங்கே இருக்கிறாய் என்று அக்கா அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

மகேஸ்வரி பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள். 'இந்தக் கணக்கு ஒரு போனில் மட்டும் திறந்திருக்கிறது.' திரும்பவும் ஒருமுறை வாசித்தாள். நாங்கள் கொடுத்த வேலை அவ்வளவுதான். ஆனால் அவள் போனை வைக்கவில்லை.

"இதுல நமக்கு வேணுங்கிற ஆளச் சேக்கவும் ஏலுங்களா மிஸ்?"

நான் பதில் சொல்லவில்லை. சோதனையில் சொல்லக் கூடாது. அவளே தேடினாள். 'இருப்பிடப் பகிர்வு' என்பதைத் திறந்து, 'ஆளைத் தெரிவுசெய்க' என்பதில் அக்காவின் பெயரை அமத்தினாள். எவ்வளவு காலத்துக்கு என்று திரை கேட்டது. 'நான் நிறுத்தும் வரை' என்பதைத் தொட்டாள். பிறகு அக்காவுக்கு அழைப்பு எடுத்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஒன் போன்ல ஒண்ணு வந்திருக்கும். தொறந்து பாரு."

"இருடி... என்னா இது, ரோடு ரோடா கெடக்கு. நடுவுல ஒன் போட்டோ நிக்கிது."

"அது எங்க நிக்கிதுன்னு படி."

அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள். மா, த், த, ளை. நாங்கள் மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் நீ கொழும்புக்குப் போயிட்டன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்," என்றாள் அக்கா. "இவ்வளவு கிட்டயாடி இருந்த?"